உங்கள் பாட்டியின் வாழ்க்கையில் உங்களுக்குப் பெருமையாகத் தோன்றுவது எது?

பாட்டி என்று கேட்டிருக்கிறீர்கள், எங்களுக்கு ஆயா. வியாசர்பாடி பக்தவத்சலம் காலனியில், பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கு நடுவே வாழ்ந்தவர். ரங்கூன், மணிப்பூர், மெட்ராஸ் என்று சிதறிப்போன ஒரு குடும்பத்தைச் சாகும்வரை விடாமல் பிடித்து வைத்திருந்தார். அதுதான் எனக்குப் பெருமை.

ஆயா பிறந்தது பர்மாவில் பெகு என்ற ஊரில். அவருடைய தாத்தா ராமநாதபுரம் சீமையிலிருந்து வயல் வேலைக்குப் போனவர், அப்புறம் அதுவே ஊராகிவிட்டது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள், அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றார்கள், ஆயாவின் வீட்டுக்காரர், எங்கள் தாத்தாவின் மளிகைக்கடையும் போனது, கையில் இருந்த காசும் போனது. கப்பல் ஏறும்போது நகை எதையும் கொண்டுபோக விடவில்லையாம், தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிறோடுதான் மெட்ராஸில் வந்து இறங்கினார். தாயகம் திரும்பியவர்கள் என்று எழுதுகிறார்கள், ஆனால் ஆயா அதற்கு முன்னால் இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. இதை யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் வந்தபோது தாத்தாவுக்கும் ஒரு கடை கிடைத்தது. அப்பாவும் அத்தைகளும் அதில்தான் படித்தார்கள்.

ஆயாவின் தம்பிக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. தரைவழியாகவே பர்மாவுக்குப் போய்விடலாம் என்று கிளம்பியவர்களோடு போனார், எல்லையில் விடவில்லை, மணிப்பூரில் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார். அவரைப் போலத் தங்கியவர்கள் சேர்ந்து அங்கே தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். ஆயாவின் அக்காவோ ரங்கூனில் கல்யாணமாகி அங்கேயே இருந்துவிட்டார்.

ஆயாவுக்குத் தமிழ் எழுத வராது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்களில் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் கடிதம் சொல்வார். யாருக்குப் பிரசவம், யாருக்கு வரன் பார்க்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். மோரேயில் பிறந்த பிள்ளைகளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஆனால் பேர் வயசு எல்லாம் வரிசையாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாழைத்தண்டு போட்டு மொய்ங்கா வைப்பார், அது பர்மாக்காரர்களின் மீன் சூப். காசிமேட்டுச் சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்து அதில் சேர்ப்பார், தெருக்கடையில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸோடு தருகிற சூப்பை மீன் இல்லாத வெறும் தண்ணி என்பார். நானும் அதே கட்சி.

2014-க்கு அப்புறம் பர்மாவில் சிம் கார்டு விலை இறங்கியது. ஐம்பது வருஷம் கழித்து அக்கா முகத்தை வீடியோவில் பார்த்தார். பாதி தமிழ், பாதி பர்மியம், இரண்டு பேரும் மூச்சு விடாமல் பேசுவார்கள், அவங்க அம்மா மொய்ங்காவுக்குக் கடலைமாவு கரைத்தாரா அரிசிமாவா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. 2021 பிப்ரவரியில் அங்கே மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்து இணையத்தை நிறுத்தியபோது ஆயா சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா குரலைக் கேட்ட பிறகுதான் தட்டில் கை வைத்தார்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை உண்டு. வாடகைக்கு விடலாம் என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியும் ஆயா கேட்கவில்லை. "நம்ம ஆளுங்க யாராச்சும் வந்து நின்னா எங்கடா படுக்க வெப்ப?" என்பார். அந்தப் பணம் வீட்டுக்குத் தேவைப்பட்ட காலம் அது, எங்களுக்கே கோபம் வரும்.

2022-ல் ஆயா போய்விட்டார். அடுத்த வருஷம் மணிப்பூரில் கலவரம், மோரேயில் வீடுகள் எரிந்தன. தம்பி மகன் மனைவி பிள்ளைகளோடு ரயிலேறி வந்தார், நேராக அந்த அறைக்குத்தான் கூட்டிப் போனோம். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பெரிய பையன் இப்போது பெரம்பூரில் படிக்கிறான்.