ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டருக்கு இழப்பீடு: கையெழுத்துப் போட்ட பிறகும் கேட்கலாமா?

கேள்வி: என் கணவர் 40 வயது பெயிண்டர். கப்பலூர் பக்கம் ஓர் ஆலையின் கிட்டங்கியில் பெயிண்ட் அடிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்ததில், குதிகாலும் முதுகெலும்பும் முறிந்துவிட்டன. கான்ட்ராக்டர் 20,000 ரூபாய் கொடுத்து, ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவர் சொல்லச் சொன்னபடி ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்றே சொல்லிவிட்டோம். இனி எதுவும் கேட்க முடியாதா? (ஒரு வாசகி, திருமங்கலம்)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு தருவது முதலாளியின் கடமை என்பதை 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. எனவே அந்தத் தாளை நினைத்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

நான் கவலைப்படுவது ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தையைப் பற்றித்தான். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், ‘வீட்டில் விழுந்தார்’ என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். வலியில் துடிக்கிறவரின் குடும்பத்தை இப்படிச் சொல்லவைப்பது பெரிய அநியாயம். ஆனாலும் அந்த ஒரு வரியோடு வழக்கு முடிந்துவிடாது. குதிகாலும் முதுகெலும்பும் சேர்ந்து முறிவது, உயரத்திலிருந்து காலூன்றி விழுகிறவர்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயம். சமதரையில் வழுக்கி விழுகிறவருக்கு இரண்டும் ஒருசேர முறிவது அரிது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சை அளித்த எலும்பு மருத்துவரிடம் நடந்ததை உள்ளபடி சொல்லி, இது உயரத்திலிருந்து விழுந்ததால் ஏற்படக்கூடிய முறிவுதானா என்று எழுத்தில் கருத்துக் கேளுங்கள். முதலில் அப்படிச் சொன்னது ஏன் என்பதையும், உண்மையில் நடந்ததையும் விவரித்து, விபத்து நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அன்று உடன் வேலை பார்த்தவரின் சாட்சியம், கூலி வந்த ஜிபே பதிவு, அந்த வாரம் கான்ட்ராக்டர் செல்போனில் அழைத்த விவரம் ஆகியவை எல்லாம் பயன்படும். ஏணியின் படம் யாரிடமாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். 12 அடி உயரத்தில் சாய்த்த ஏணியின் கால் சுவரிலிருந்து ஏறக்குறைய 3 அடி தள்ளி இருக்க வேண்டும், அடியில் தேயாத ரப்பரும் வேண்டும்.

‘பாதுகாப்பு பெல்ட் போடச் சொன்னேன், அவர் போடவில்லை’ என்று கான்ட்ராக்டர் வாதாடக்கூடும். தொழிலாளியின் சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. பாதுகாப்புச் சாதனத்தை உங்கள் கணவர் வேண்டுமென்றே புறக்கணித்தார் என்று கான்ட்ராக்டர்தான் நிரூபிக்க வேண்டும், பெல்ட்டே தராதவரால் அதை நிரூபிக்க முடியாது.

தொகையைப் பொறுத்தவரை, கணக்குக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதமான 9,000-ஐ 40 வயதுக்குரிய காரணியான 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது முழு நிரந்தர ஊனத்துக்கு உரியது. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டதாக மருத்துவர் மதிப்பிட்டால் 4,97,259 ரூபாய் வரும். மருத்துவச் செலவைத் தனியாகக் கேட்கலாம், பில்களை விட்டுவிடாதீர்கள். அவர் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டும் வழி வேறு. அப்போது இழப்பீட்டை அங்கேதான் கேட்க வேண்டும்.

மனுவில் கான்ட்ராக்டரோடு ஆலை உரிமையாளரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பெயிண்ட் அடிப்பது தங்கள் வழக்கமான தொழிலில் அடங்காது என்று ஆலை சொல்லலாம் என்பதால், இதே கான்ட்ராக்டர் ஆண்டுதோறும் அங்கே பராமரிப்பு வேலை செய்துவந்தார் என்பதற்குச் சான்று இருந்தால் அதையும் இணையுங்கள். மனுவை மதுரையில் தொழிலாளர் துறையின் ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு. விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போய்ச்சேர வேண்டும் என்பதால், கான்ட்ராக்டருக்கும் ஆலைக்கும் அனுப்ப வேண்டிய அறிவிப்பை இந்த வாரமே, பெற்றுக்கொண்டதற்கான சான்று கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.