பர்ஸ் வரும் ஆண்டுகள் குறைவு: ஒரு மிடில்வெயிட் வீரர் 14 லட்சம் ரூபாயை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 27. ஊர் குலசேகரம் அருகே. அமெச்சூர் போட்டிகளில் மாநில அளவில் பதக்கம் பெற்ற பிறகு, 4 ஆண்டுகளாகத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் மிடில்வெயிட் என்ற எடைப் பிரிவில் மோதி வருகிறேன். அப்பா எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறார். வீட்டுச் செலவுக்கு மாதம் 20,000 ரூபாய் கொடுக்கிறேன். கையில் 14 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் தங்கையின் திருமணத்தை நடத்த வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் 30 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை விலைக்கு வருகிறது. மீதி 16 லட்சத்துக்குக் கடன் வாங்கலாம் என்கிறார் மாமா. நாகர்கோவிலில் ஜிம் தொடங்கலாம் என்கிறார் நண்பர். இதற்கிடையில் புதிய மேனேஜர் ஒருவர் 5 ஆண்டு ஒப்பந்தம் தருகிறார். ஆண்டுக்கு 2 போட்டிகள், போட்டிக்கு 6 லட்சம் ரூபாய் பர்ஸ், அதாவது மோதுவதற்கான ஊதியம். அதில் 33 சதவீதம் அவருக்கு. முதல் போட்டி துபாயில். எதை முதலில் செய்வது?

பதில்: அன்புள்ள தம்பி, நீங்கள் கேட்ட வரிசையில் மனை முதலாவதாகவும் ஒப்பந்தம் கடைசியாகவும் இருக்கின்றன. நான் அதைத் தலைகீழாக்கிப் பதில் சொல்கிறேன். மனை இன்னும் சில ஆண்டுகள் கழித்தும் கிடைக்கும். ஒப்பந்தத்தில் இன்று இடும் கையெழுத்தோ, உங்கள் உடல் சம்பாதிக்கக்கூடிய மிகச் சிறந்த 5 ஆண்டுகளையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிடும்.

உங்கள் அப்பாவின் தொழிலை வைத்தே இதை விளக்கலாம். ரப்பர் கன்று நட்டால் 7 ஆண்டுகள் வருமானம் இல்லை. அதன்பின் 20, 25 ஆண்டுகள் பால் கிடைக்கும். குத்துச்சண்டை வீரருக்கும் வளர்ப்புக் காலம் அதே அளவு நீளமானது, ஆனால் பால் தரும் காலம் மிகக் குறுகியது. மார்வின் ஹேக்லர் 1973-இல் தொழில்முறைக்கு வந்தார். மிடில்வெயிட் உலகப் பட்டம் கைக்கு வந்தது 1980-இல். அந்தத் தொடக்க ஆண்டுகளில் அவர் தம் பயிற்சியாளர்களின் கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மோதினார். 1987 ஏப்ரலில் சுகர் ரே லியோனார்டிடம் தோற்றபோது அவருக்கு வயது 32. அதன்பின் அவர் வளையத்துக்குத் திரும்பவே இல்லை. பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 40 வயது வரை மிடில்வெயிட் பட்டத்தைக் காத்தார் என்பது உண்மைதான், ஆனால் அந்த விதிவிலக்கை நம்பி ஒரு குடும்பம் தன் வரவு செலவைத் திட்டமிட முடியாது. உங்களுக்கு இன்னும் 6 முதல் 8 ஆண்டுகள் பர்ஸ் வரும் என்று வைத்துக்கொண்டே கீழே உள்ள கணக்கைப் போட்டிருக்கிறேன்.

6 லட்சம் ரூபாய் பர்ஸில் உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். மேனேஜருக்கு 33 சதவீதம் என்றால் 1,98,000 ரூபாய். பயிற்சியாளருக்கு வழக்கமான 10 சதவீதம், அதாவது 60,000. கடிதத்தின் பிற்பகுதியில் நீங்கள் தந்துள்ள விவரப்படி, பயிற்சிக்காக உங்களுடன் மோதும் ஸ்பாரிங் ஜோடிகளுக்கான கூலி, உணவு, தங்குமிடம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து ஒரு பயிற்சி முகாமுக்கு 1,10,000 ரூபாய் ஆகிறது. அதையும் நீங்களே ஏற்கிறீர்கள். மீதி 2,32,000 ரூபாய். ஆண்டுக்கு இரண்டு போட்டிகள் என்றால் 4,64,000. மாதக் கணக்கில் சுமார் 38,600 ரூபாய். வீட்டுக்குக் கொடுக்கும் 20,000 போக எஞ்சுவது 18,600 ரூபாய்தான். உங்கள் சொந்தச் செலவு இதில் இன்னும் சேரவில்லை.

இனி மாமா சொல்லும் கடனைப் பாருங்கள். 16 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 20,270 ரூபாய். எல்லாப் போட்டிகளும் குறித்தபடி நடந்து, எல்லாப் பணமும் குறித்தபடி வந்தாலும்கூட இந்தத் தவணையைக் கட்ட முடியாது. தவிரவும், பர்ஸ் ஆண்டுக்கு இரண்டு முறை மொத்தமாக வரும், தவணையோ மாதந்தோறும் கட்டியாக வேண்டும். நாக்-அவுட்டில் தோற்ற வீரருக்கு 60 நாள், 90 நாள் எனக் கட்டாய மருத்துவ ஓய்வு விதிக்கும் குத்துச்சண்டை ஆணையங்கள் உண்டு. கை எலும்பு முறிந்தால் அரையாண்டு போய்விடும். நம் மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது குளச்சலில் படகு வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். அவர் அதற்கேற்பப் பணம் ஒதுக்கி வைக்கலாம். உங்கள் தடைக்காலம் எந்த மாதத்தில் வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே மனை இப்போது வேண்டாம். மாமாவிடம் இந்த எண்களைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அவர் உங்கள் நன்மையை விரும்பித்தான் சொல்கிறார் என்பதால் எண்கள் அவருக்கும் புரியும்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மேனேஜருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்தான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அதுவே உச்சவரம்பு. அந்தப் பங்கை எந்தத் தொகையின் மீது கணக்கிடுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முழுப் பர்ஸின் மீது கணக்கிடாமல், பயிற்சியாளர் பங்கும் முகாம் செலவும் போக எஞ்சும் 4,30,000 ரூபாயின் மீது கணக்கிட்டால் 33 சதவீதம் என்பது 1,41,900 ரூபாய். ஒரு போட்டிக்கு 56,100 ரூபாய் உங்களிடம் மிஞ்சுகிறது. 5 ஆண்டுகளில் 10 போட்டிகளுக்கு 5,61,000 ரூபாய். ஒப்பந்தத்தில் ஒரு சொல் மாறினால் கிடைக்கக்கூடிய தொகை இது. எந்த முதலீட்டுத் திட்டமும் உங்களுக்கு இவ்வளவு எளிதாக இந்தத் தொகையைத் தராது.

ஆண்டுக்கு 2 போட்டிகள் என்பது வாய்மொழியாகவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எழுத்தில் வர வேண்டும். 12 மாதங்களுக்குள் அந்த எண்ணிக்கையை அவர் ஏற்பாடு செய்யாவிட்டால் நீங்கள் விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவும் கூடவே வர வேண்டும். நீங்கள் முகாமை முடித்த பிறகு போட்டி ரத்தானால் அந்தச் செலவை யார் ஏற்பது, போட்டி முடிந்து எத்தனை நாட்களுக்குள் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும் ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். காலம் 3 ஆண்டுகள் போதும். பட்டம் வென்றால் ஒப்பந்தம் தானாக நீளும் என்ற வரி இருந்தால் அதை நீக்காமல் கையெழுத்திட வேண்டாம். போட்டியை நடத்துபவரும் உங்கள் மேனேஜரும் ஒருவரே என்றால் கூடுதல் கவனம் தேவை. நடத்துபவருக்குப் பர்ஸ் குறைய வேண்டும், மேனேஜருக்குப் பர்ஸ் கூட வேண்டும். இரண்டு நலன்களும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்பதற்காகவே அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்தச் சட்டம் இங்கே உங்களைக் காக்காது என்பதால் ஒப்பந்தம்தான் காக்க வேண்டும். போட்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் இருக்கட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும் என்பதை உங்கள் அப்பாவைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது.

காப்பீடு பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். நீங்கள் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தில் நிரந்தர விலக்குகள் என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள். ஆபத்தான அல்லது சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்பதால் ஏற்படும் சிகிச்சைச் செலவு வழங்கப்படாது என்ற வாசகம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளில் ஒன்று. அதில் மலையேற்றம், கார்ப் பந்தயம் போன்ற சில எடுத்துக்காட்டுகள் உள்ளன. குத்துச்சண்டையின் பெயர் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் முழுமையானதல்ல என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. எனவே வளையத்தில் ஏற்படும் காயத்துக்குப் பணம் கிடைக்குமா என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது. தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் பயணக் காப்பீட்டிலும் தொழில்முறை விளையாட்டு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு போட்டிக்கும் மருத்துவச் செலவு, நிரந்தர ஊனம், உயிரிழப்பு ஆகிய மூன்றுக்கும் போட்டி நடத்துபவரே காப்பீடு எடுத்து, அதன் நகலைப் போட்டிக்கு முன் உங்களிடம் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். டேர்ம் ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது தொழில் என்ற இடத்தில் குத்துச்சண்டை வீரர் என்றே எழுதுங்கள். பிரீமியம் கூடலாம், விண்ணப்பம் மறுக்கப்படவும் கூடும். மறுத்தால் அடுத்த நிறுவனத்தை நாடலாம். மறைத்து எடுத்த பாலிசி நிராகரிக்கப்பட்டால் உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் ஒன்றும் மிஞ்சாது.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஜெரால்டு மெக்லெல்லன் உலக மிடில்வெயிட் பட்டத்தை வென்றவர். 1995 பிப்ரவரியில், லண்டனில், நைஜல் பென்னுடன் அதற்கு மேலான எடைப் பிரிவில் மோதிய போட்டியில் அவருக்கு மூளையில் கடும் காயம் ஏற்பட்டது, பார்வையும் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 27, இன்று உங்களுக்கு இருக்கும் வயது. அதன்பின் பல ஆண்டுகள் அவரைப் பராமரித்தவர்கள் அவருடைய சகோதரிகள். உங்களை அச்சுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் தங்கைக்கு அந்தப் பாரம் வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

வரியைப் பொறுத்தவரை உங்களுக்குப் பெரிய சுமை இல்லை, ஆனால் ஒழுங்கு தேவை. உங்கள் பர்ஸ் தொழில் வருமானம். லாட்டரிப் பரிசைப் போல வரி விதிக்கப்படும் பணம் அல்ல. மேனேஜர் பங்கு, பயிற்சியாளர் பங்கு, முகாம் செலவு எல்லாவற்றையும் ரசீதுடன் கழித்துக்கொள்ளலாம். மீதி 4,64,000 ரூபாய் என்றால், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியால் வரி எதுவும் வராது. இந்தியாவில் நடக்கும் போட்டியில் நடத்துபவர் 10 சதவீதம் பிடித்தம் செய்தால், 60,000 ரூபாய் அரசிடம் போயிருக்கும். கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்ப வரும். கடந்த ஆண்டுகளில் தாக்கல் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதமே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். துபாயில் தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் அந்தப் பணம் இங்கேயும் வரிக் கணக்கில் சேராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருப்பவரின் உலக வருமானம் முழுவதும் இங்கே கணக்கில் காட்டப்பட வேண்டும்.

இப்போது 14 லட்சம் ரூபாய். ஓராண்டு வீட்டுச் செலவு 2,40,000, இரண்டு முகாம்களின் செலவு 2,20,000. ஆக மொத்தம் 4,60,000. அதைச் சற்றுக் கூட்டி, 5 லட்சம் ரூபாயைத் தனிக் கணக்கில் வைப்புத்தொகையாக வைத்து, போட்டி இல்லாத காலத்தைத் தவிர வேறெதற்கும் தொடாதீர்கள். தங்கையின் திருமணத்துக்கு 5 லட்சம் ரூபாய், வேறொரு வங்கியில், இரண்டு ஆண்டு வைப்பாக. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதால் இரண்டையும் பிரிக்கச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளில் தேவைப்படும் பணம் பங்குச் சந்தைக்குப் போகக்கூடாது. நூற்றுக்கு இரண்டு வட்டி தருவதாகச் சொல்லும் தனியார் பைனான்ஸுக்கும் போகக்கூடாது. என் பெற்றோர் என் அக்காவின் திருமணத்துக்கென்று அப்படி ஒரு நிறுவனத்தில் போட்ட பணம் அசலோடு போனது. அந்த ஆண்டு எங்கள் வீடு இருந்த நிலையை நான் மறக்கவில்லை. இத்தனை பவுன் போட்டால்தான் மரியாதை என்று நம் ஊரில் சொல்லும் அளவுகோலுக்காக இந்த 5 லட்சத்தை 10 லட்சமாக்கவும் வேண்டாம்.

எஞ்சும் 4 லட்சத்தில் 1 லட்சம் ரூபாய் காப்பீட்டு பிரீமியம், மூளை ஸ்கேன், கண் பரிசோதனை, வழக்கறிஞர் கட்டணம் ஆகியவற்றுக்கு. 1,50,000 ரூபாயை பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் போடுங்கள். ஓர் ஆண்டின் உச்சவரம்பு அதுதான். அந்தக் கணக்கு 15 ஆண்டுகளில் முதிரும்போது உங்களுக்கு வயது சுமார் 42. வளையத்தை விட்டு விலகி, அடுத்த வாழ்க்கை நடந்துகொண்டிருக்கும் வயது அது. கடன்காரர் நீதிமன்றத் தீர்ப்பு பெற்றாலும் அந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது என்பது, நண்பர்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் இளகிய மனமுள்ள வீரர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. கடைசி 1,50,000 ரூபாயை பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் பண்டில் 12 மாதத் தவணைகளாகப் போட்டு, 7 ஆண்டுகளாவது தொடாமல் விடுங்கள்.

ஜிம் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, காலம்தான் இப்போது இல்லை. சுகர் ரே ராபின்சன் 5 முறை மிடில்வெயிட் பட்டம் வென்றவர். நியூயார்க்கின் ஹார்லெமில் உணவகம் உள்ளிட்ட பல கடைகளை நடத்தினார். மோதிக்கொண்டே நடத்திய தொழில்களும், உடன் அழைத்துச் சென்ற பெருங்கூட்டமும் சேர்ந்து பணத்தைக் கரைத்தன. 44 வயதில், 1965-இல் ஓய்வு பெற்றபோது கையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. முகாமில் 10 வாரம் இருக்கும் உங்களால் நாகர்கோவிலில் கல்லாவைப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக, காயத்தாலோ ஓய்வாலோ நீண்ட இடைவெளி கிடைக்கும்போது, பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் படிப்பில் சேர முயலுங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பள்ளி, கல்லூரி, அகாடமி வேலைகளுக்கு வழி திறக்கும். பின்னால் ஜிம் தொடங்கினாலும் பெற்றோர் நம்பிக் குழந்தைகளை அனுப்புவார்கள். அமெச்சூர் காலத்து மாநிலப் பதக்கச் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் சான்றிதழ்கள் அதற்குத் தகுதியானவையா என்பதை நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் வயது வரம்பு கடப்பதற்குள் நேரில் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்த வரைவை மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, உங்களுக்கு வேண்டிய வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். மேனேஜர் பரிந்துரைக்கும் வழக்கறிஞரிடம் அல்ல. வரைவைத் தர அவர் தயங்கினால், துபாய் போட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை விட்டுவிடலாம்.