வாசகர் கேள்விகள்: துணி ஆண்ட மாளிகை

கேள்வி: இங்கிலாந்தின் ஹார்ட்விக் மாளிகைப் படங்களில் சுவரே தெரியாதபடி திரைகள் தொங்குகின்றனவே, குளிருக்காகவா? (வாசகி, மதுரை)

பதில்: குளிர் ஒரு காரணம்தான், ஆனால் முதன்மைக் காரணம் செல்வத்தைக் காட்டுவது. டெர்பிஷயரில் 1590களில் அந்த மாளிகையைக் கட்டிய ஷ்ரூஸ்பரி சீமாட்டி பெஸ்ஸின் காலத்தில், மேசை நாற்காலிகளைவிடத் துணியே விலை கூடியது. தறியில் உருவங்களோடு நெய்யப்பட்ட கனத்த சுவர்த்திரைகளான டேப்பெஸ்ட்ரிகள் பெருஞ்செல்வர்களால் மட்டுமே வாங்கக்கூடியவை. விவிலியத்தின் கிதியோன் கதையைச் சொல்லும் 13 டேப்பெஸ்ட்ரிகளை, முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சராயிருந்து மறைந்த சர் கிறிஸ்டோபர் ஹாட்டனின் உடைமைகளிலிருந்து அவர் 1592இல் முந்நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார். அவற்றில் ஹாட்டனின் குலச்சின்னம் நெய்யப்பட்டிருந்ததால், அதை மாற்றும் செலவுக்கென்று விலையில் கழிவும் கேட்டுப் பெற்றார். பிறகு அந்தச் சின்னத்தின் மேல் தம் சின்னம் தீட்டிய கம்பளித் துண்டுகளை ஒட்டச் செய்து, ஹாட்டனின் பெண்மான்களுக்குக் கொம்பு சேர்த்துத் தம் குடும்பத்தின் கலைமான்களாக்கிவிட்டார். சிக்கனத்தையும் பெருமிதத்தையும் ஒரே ஊசியில் கோத்த அந்த அம்மையாரை வியக்காமல் இருக்க முடியவில்லை.

அங்கே வேறொரு வகைத் திரையும் உண்டு. நம் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் போல, பல வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி வைத்துத் தைத்தவை அவை. பெனலப்பி, லுக்ரீஷியா முதலிய பழங்கால மாதரசிகள் அவற்றில் நிற்கிறார்கள். இங்கிலாந்தின் கிறித்தவத் துறவு மடங்கள் அரச ஆணையால் கலைக்கப்பட்ட பின் கைமாறிய பாதிரிமார்களின் பொன்னிழை அங்கிகளும் வெல்வெட் அங்கிகளுமே அவர்களுக்கு ஆடையாயின.

கேள்வி: துணியைப் பார்த்துப் பிறந்த ஓவியம், சிற்பம் ஏதேனும் அங்கே இருக்கிறதா? (வாசகர், சேலம்)

பதில்: இருக்கிறது, என் கணிப்பில் மாளிகையின் அரிய பொருளே அதுதான். வழிபாட்டு அறையில், புனித பவுலின் வரலாற்றை டேப்பெஸ்ட்ரியின் சாயலில் தூரிகையால் தீட்டிய துணிகள் உள்ளன. நெய்த திரை வாங்க இயலாதோர் இத்தகைய துணிகளை அக்காலத்தில் ஏராளமாக மாட்டினார்கள். மலிவானவை என்பதால் எவரும் பாதுகாக்கவில்லை, இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. மேல்தளத்துப் பெரிய கூடத்திலோ, 1587இல் வாங்கிய, கிரேக்கக் காவிய நாயகன் யுலிசிஸின் கதைத் திரைகளின் அளவுக்கேற்பச் சுவரின் உயரத்தை வகுத்து, அவற்றுக்கு மேலே ரோமானியரின் வேட்டைத் தெய்வமான டயானாவின் காட்டைச் சுதையில் வடித்து வண்ணம் பூசினார்கள். கட்டடம் துணிக்கு அடங்கி நடந்தது என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: மரச்சாமான்களில் குறிப்பிடத்தக்கது எது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரண்டு மேசைகள். சிறகும் மீன்வாலும் கொண்ட நாய்கள் தாங்கி நிற்கும் வால்நட் (அக்ரூட்) மர மேசை ஒன்று. மற்றொன்று, 1560களின் குடும்பத் திருமணங்களை ஒட்டிச் செய்யப்பட்டு, இசைக்கருவிகளும் சீட்டுக்கட்டும் மரத்தில் மரம் பதித்துக் காட்டப்பட்ட எக்லன்டைன் மேசை.

கேள்வி: நானூறு ஆண்டுத் துணி எப்படி இற்றுப்போகாமல் இருக்கிறது? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இற்றுத்தான் போனது. ஹார்ட்விக் பெருஞ்சாளரங்களுக்குப் பேர்போனது. அந்த வெளிச்சமே சாயத்தையும் இழையையும் தின்றது. கிதியோன் திரைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தூசி உறிஞ்சி, பெல்ஜியத்துக்கு அனுப்பிக் கழுவி, பின்புறம் லினன் துணி வைத்து நலிந்த இடங்களைத் தைத்துத் தாங்கும் பணி 1999இல் தொடங்கி 2023இல்தான் முடிந்தது.

கேள்வி: இப்படிப்பட்ட நாட்டுப்புற மாளிகைகளில் நம் கரையின் கைவேலை ஏதாவது உண்டா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: உண்டு, ஆனால் நெடுங்காலம் வேறு பெயரில் வாழ்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியருக்காகக் கருங்காலி மரத்தில் முறுக்குக் கால்களோடும் பூச்செதுக்கலோடும் நாற்காலிகள் செய்யப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் அவற்றை இங்கிலாந்தின் டியூடர் அரச மரபின் காலத்தவை (பதினாறாம் நூற்றாண்டு) என்று நம்பித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கினார். வார்விக்ஷயரின் சார்ல்கோட் மாளிகையினர் 1837இல் வாங்கிய கருங்காலித் தொகுதியோ, முதலாம் எலிசபெத் அரசி தம் அன்புக்குரிய லெஸ்டர் பிரபுவுக்கு அளித்த பரிசு என்றே பேசப்பட்டது. நம் தச்சர்களின் உளிக்கு இங்கிலாந்து அரசியின் பெயர் சூட்டப்பட்டிருந்தது.