யுஎஃப்டபிள்யூ அடைத்த போர்ட் எப்படித் திறந்திருக்கிறது? – கேள்வி பதில்

கே: அண்ணா, உபுன்டு சர்வரில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் போட்டு 22, 443 போர்ட்கள் தவிர எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். ஆனாலும் டாக்கர் கன்டெய்னரில் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஓடும் ரெடிஸ் டேட்டாபேஸ் 6379-இல் வெளியிலிருந்து எட்டுகிறது. ஸ்டேட்டஸில் 'டினை' (அனுமதி மறுப்பு) என்றுதான் இருக்கிறது!

ப: ஸ்டேட்டஸ் பொய் சொல்லவில்லை தம்பி. வாசலைப் பூட்டினீர்கள், பாக்கெட் கொல்லைப்புறமாக வந்துவிட்டது. நீங்கள் எழுதிய ரூல் உட்கார்ந்திருப்பது இன்புட் செயின் என்ற ரூல் வரிசையில். இந்த மெஷினுக்கென்றே வரும் பாக்கெட்தான் அங்கே போகும். போர்ட்டை பப்ளிஷ் செய்தவுடன் (வெளியே திறந்துவிட்டவுடன்) டாக்கர், முகவரி மாற்றும் நேட் டேபிளில், பாக்கெட்டின் வழி முடிவாகும் முன்பே வரும் ப்ரீரவுட்டிங்கில், ஒரு டிநேட் ரூலைச் சொருகிவிடுகிறது. சேரவேண்டிய முகவரி அங்கேயே 172.17.0.2 போல கன்டெய்னரின் முகவரியாக மாறிவிடும். 'இது எனக்கில்லை' என்று கர்னல் அதை, வேறிடத்துக்குக் கடத்தும் பாக்கெட்டுக்கான ஃபார்வர்டு செயினுக்குத் தள்ளும். அங்கே டாக்கரின் ரூல்கள் யுஎஃப்டபிள்யூவை முந்திக்கொள்ளும்.

டாக்கர் அமைப்பை எழுதும் கம்போஸ் ஃபைலில் '6379:6379' என்பதை '127.0.0.1:6379:6379' ஆக்குங்கள், அந்த மெஷினுக்குள் மட்டும் எட்டும். வெளியே சிலருக்கு மட்டும் தேவையென்றால் உங்கள் ரூல்களுக்கென்றே டாக்கர் வைத்திருக்கும் டாக்கர்-யூசர் செயினில் ரூல் எழுதுங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு: 8080:80 என்று பப்ளிஷ் செய்திருந்தால் அங்கே வந்து சேரும் பாக்கெட்டில் இருப்பது 80, 8080-க்கு எழுதிய ரூல் எதையும் பிடிக்காது. நான் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது இதில்தான்.

கே: எனக்கு டாக்கரே கிடையாது சார். ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் 3306 போர்ட்டை டிராப் செய்தும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் திறந்தே வருகிறது.

ப: ஸ்கேன் செய்தது ஐபிவி6 முகவரியையா என்று பாருங்கள். ஐபிடேபிள்ஸ் ஐபிவி4-ஐ மட்டுமே தொடும். ஐபிவி6-க்கு ஐபி6டேபிள்ஸ் தனி. இவற்றுக்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸில் ஐநெட் டேபிளாக எழுதினால் ஒரே ரூல் இரண்டுக்கும் செல்லும்.

கே: பாக்கெட்டைத் துண்டாக்கி ஃபயர்வாலை ஏமாற்றலாம் என்று படித்தேன். இன்னும் நடக்குமா?

ப: 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1858 என்ற இணைய ஆவணம் விவரிக்கும் பழைய வித்தை அது. முதல் துண்டில் டிசிபி ஹெட்டரின் 8 பைட் மட்டும் இருந்தால், போர்ட் எண்கள் தெரியும். இணைப்பைத் தொடங்கும் சின் ஃபிளாக் அடுத்த துண்டுக்குப் போய்விடும். துண்டு துண்டாகப் பார்க்கும் ஃபில்டர் ஏமாறும். லினக்ஸில் இணைப்புகளைக் கண்காணிக்கும் கான்ட்ராக் ஓடினால் துண்டுகளை ஒட்டிய பிறகே ரூலுக்கு அனுப்பும். கவலைப்பட வேண்டாம்.

கே: ஃபயர்வால் கோடிலேயே ஓட்டை இருந்தால்?

ப: இருந்ததே! சிவிஇ-2024-1086 என்ற எண்ணில் பதிவான ஓட்டை அது; என்எஃப்டேபிள்ஸில் வந்த யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த மெமரியை மறுபடி தொடும் பிழை). சாதாரண யூசராக உள்ளே இருப்பவர் முழு அதிகாரமுள்ள ரூட் ஆகிவிடலாம். எந்த ரூல் எழுதினாலும் இது அடங்காது. கர்னலை அப்டேட் செய்து, மறக்காமல் ரீபூட் செய்யுங்கள்.