வீட்டுத் தோட்டத்துக்குப் பறவைகள் வர எந்த நாட்டு மரம் வைக்கலாம்?

தயங்காமல் முள்முருங்கை வையுங்கள். கல்யாண முருங்கை என்றால் சட்டென்று தெரியும். சளிக்கு இலையை அரைத்து அடை சுடுவார்களே, அதே மரம்.

மாசி வாக்கில் இலையெல்லாம் கொட்டி, மொட்டைக் கிளைகளின் நுனியில் செக்கச்செவேலென்று பூக்கும். பூவுக்கு மணம் கிடையாது, தேன் மட்டும் தாராளமாகச் சுரக்கும். எங்கள் வீட்டு மரத்தில் விடிந்ததும் மைனா, காகம், கொண்டைக்குருவி, தேன்சிட்டு, அணில் என்று ஒரே கூச்சல்தான். கரிச்சான் தேனும் குடிக்கும், பூவுக்கு வருகிற பூச்சியையும் பிடித்துத் தின்னும். குளிர்காலத்துக்கு நம்மூர் வரும் சூறைக்குருவிகள் மத்திய ஆசியாவுக்குத் திரும்புவதற்கு முன் இந்த மரத்தில் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! தலையெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் பறக்கும். மகரந்தச் சேர்க்கை அப்படித்தான் நடக்கிறது.

"எங்கள் வேலியிலும் இருக்கிறது, பூத்ததே இல்லை" என்று பலர் சொல்வார்கள். ஆட்டுக்குத் தழை ஒடிப்பதற்காக அடிக்கடி கிளையை வெட்டினால் எப்படிப் பூக்கும்? கழிப்பதென்றால் பூ முடிந்த பிறகு கழியுங்கள்.

பட்டுப்போன கிளை ஒன்றிரண்டையும் விட்டு வையுங்கள். மெத்தென்ற மரம் என்பதால் செம்மார்புக் குக்குறுவான் அதில் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும். அதே காரணத்தால் பலத்த காற்றில் கிளை முறியும். சுவர், மின்கம்பி பக்கம் வேண்டாம்.

நடுவது சுலபம். மணிக்கட்டுப் பருமனில், ஆளுயரத்துக்கு ஒரு போத்தை வெட்டி, சில நாள் நிழலில் போட்டு வைத்து, மழைக்கு முன் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்காத இடமாக இருக்கட்டும். விதையை மட்டும் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நஞ்சு.

போத்து வாங்கும்போது தாய்மரத்தின் இலையைக் கவனியுங்கள். 2000களின் நடுவில் தென்னிந்தியாவுக்குள் வந்த ஒரு சிறு குளவி, இளந்தளிரில் முட்டையிட்டு இலையையும் காம்பையும் முண்டுமுண்டாக வீங்கச் செய்கிறது. அப்படி வீங்கிய மரத்திலிருந்து கொம்பு வெட்டி வராதீர்கள்.