மூன்றாவது முறையும் கத்தியா?

கேள்வி: எனக்கு 26 வயது. மாங்கூழ் லோடு ஏற்றி லாரி ஓட்டுகிறேன். வால் எலும்புக்கு மேலே கட்டி வந்து, பவுத்திரம் என்று நாட்டு மருந்து வைத்தேன். பிறகு பைலோனிடல் சைனஸ் (தோலுக்குள் முடி புகுந்து உண்டாகும் சீழ்க்குழி) என்று இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் மறுபடி சீழ் கசிகிறது. ஒரு டாக்டர் லிம்பெர்க் ஃப்ளாப் என்கிறார், இன்னொருவர் கரிடாக்கிஸ் என்கிறார். எதைச் செய்துகொள்வது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, முந்தைய இரண்டு முறையும் தையல் எங்கே போட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. புட்டங்களுக்கு நடுப்பிளவிலேயே வெட்டி அங்கேயே தைத்திருந்தால் அது திரும்பி வரத்தான் பார்க்கும். அந்தப் பள்ளத்தில் வியர்வை தேங்கும், உதிர்ந்த முடி வந்து சேரும். தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது சீட்டில் உடம்பு எப்படி அரைபடும் என்று உங்களுக்குத் தெரியாததா? அந்த உரசல்தான் முடியைத் தோலுக்குள் தள்ளுகிறது. குழியைத் திறந்தால் சிவந்த சதைக்கு நடுவே முடிக்கொத்து கிடக்கும். இடுக்கியால் இழுத்தால் பிடிப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். அங்கே முளைத்த முடியல்ல, வெளியிலிருந்து நுழைந்தது. முடிதிருத்துபவர்களுக்கு விரலிடுக்கில் இதே நோய் வருவதுண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் இதை அதிகம் பார்த்து ‘ஜீப் நோய்’ என்றே பெயர் வைத்தார்கள்.

கரிடாக்கிஸ் கிரேக்க ராணுவ மருத்துவர். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டி, ஒரு பக்கத் தோலை இழுத்து மறுபக்கம் தைத்து, தையலை நடுக்கோட்டுக்கு வெளியே கொண்டுபோனார். 6,500-க்கு மேற்பட்டவர்களைப் பற்றி 1992-ல் அவர் வெளியிட்ட கணக்கில், நோய் திரும்பியது நூற்றில் சுமார் ஒருவருக்குத்தான். தழும்பும் ஒரே கோடாக இருக்கும். சீழ் வரும் துவாரங்கள் நடுவை ஒட்டியே இருந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

லிம்பெர்க் வேறு மாதிரி. கெட்ட பகுதியைச் சாய்சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்துப் புட்டத்திலிருந்து அதே அளவுத் தோலைக் கொழுப்போடு திருப்பி வைத்துத் தைப்பார்கள். பள்ளமே சமமாகிவிடும். இரண்டு ஆபரேஷனின் வடு அகலமாக இருந்து, சீழ் ஓடும் சுரங்கம் பக்கவாட்டில் போயிருந்தால் இதையே சொல்வேன். தழும்பு பெரிது, அந்த இடம் கொஞ்ச காலம் மரத்திருக்கும். லிம்பெர்க்கின் பழைய முறையில் தையலின் கீழ் முனை ஆசனவாய்க்குப் பக்கத்தில் நடுக்கோட்டிலேயே நிற்பதால் அங்கே மறுபடி பிரச்சினை வரும். அதனால் இப்போது பலர் அந்த முனையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஒதுக்கி வைக்கிறார்கள்.

பெயரை விடுங்கள். “தையலின் கீழ் முனை எங்கே வரும்? இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா?” இரண்டையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். துவாரம் ஆசனவாயை ஒட்டி இருந்தால், நிஜமாகவே பவுத்திரம்தானா என்று முதலில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

காய்ச்சலோ புதுக் கட்டியோ இருந்தால் தள்ளிப்போடாமல் சீழை உடனே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால், மாங்காய் சீசன் முடிந்து லோடு குறைந்த மாதத்தில் ஆபரேஷனை வைத்துக்கொள்ளுங்கள். தையல் ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டியரிங் பக்கம் போகாதீர்கள். அதன் பிறகும் அந்த இடத்து முடியை எடுத்துக்கொண்டே இருங்கள். உங்களுக்கு எட்டாது, வீட்டில் ஒருவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.