மார்கழியில மல்லாட்டை, சித்திரையில கம்பு: ஒரே கொல்லையில ரெண்டும் வெச்சா மண்ணு மலடாயிடுமா?

"குளிருக்கு எண்ணெய் வித்து, வெயிலுக்கு தானியம்னு ஒரே நிலத்துல மாத்தி மாத்தி போட்டா மண்ணு மலடாயிடும்னு ஊர்ல சொல்றாங்க, நெசமா?"ன்னு கேட்டிருக்கீங்க. யாரு சொன்னாங்கன்னு கேக்க மாட்டேன், எங்க வீட்லயே ஒருத்தர் இருக்காரு, என் கொழுந்தனார். நீங்க வெளியூர்ல வேலையில இருந்துகிட்டு அப்பா நிலத்தை எடுத்து செய்யலாம்னு பாக்குறீங்கன்னு நெனக்கிறேன். அப்படி இல்லன்னாலும் பரவால்ல, படிங்க.

நாங்க திருவண்ணாமலை பக்கம். செம்மண் கொல்லை, கிணத்துப் பாசனம். மார்கழிப் பட்டத்துல மல்லாட்டை (வேர்க்கடலை தான், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்), அது பங்குனி கடைசியில வந்ததும் சித்திரையில கம்பு. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து இதான் நடக்குது, மண்ணு ஒன்னும் மலடாகல. நான் அக்ரி படிச்சவ இல்ல, படிச்சவங்க கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க, எங்க கொல்லையில பாத்ததை சொல்றேன் அவ்ளோதான்.

பாகம் பிரிச்சப்போ வரப்புக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் கொழுந்தனாருக்கு. ஒரே மண்ணு, ஒரே கிணறு, முறை வெச்சு தண்ணி பாய்ச்சுவோம், அந்த வருஷம் விதைக்காய் கூட ஒன்னாதான் வாங்கினோம். மல்லாட்டை ரெண்டு பேருக்கும் நல்லா வந்துச்சு. காய் ஆஞ்சி முடிச்சதும் மாட்டுப்பண்ணைக்கு கொடி (காய் ஆஞ்சப்புறம் மிஞ்சுற செடி) வாங்குற ஆளு டெம்போவோட வந்து நின்னான், கொழுந்தனார் மொத்தத்தையும் ஏத்தி விட்டு கையில காசு வாங்கிட்டாரு, நான் குடுக்க மாட்டேன்னுட்டேன். எங்க வீட்ல மாடு இருக்கு, கொடி அதுக்கு, சாணி எருக்குழிக்கு, எரு மறுபடி கொல்லைக்கு. "அண்ணிக்கு வர்ற காசை விட்றதே வேலை"ன்னு ஊரெல்லாம் சொன்னாரு.

அப்புறம் ரெண்டு பேரும் கம்பு வெச்சோம். அவரு பக்கம் முழங்கால் உசரத்துலயே மஞ்ச கட்டிடுச்சு, யூரியா மேல யூரியா போட்டாரு. எங்க பக்கம் எருக்குழி குப்பை அடிச்சிருந்ததால வழக்கமா போடறதை விட யூரியா கம்மியாதான் போட்டேன், கருகருன்னு நின்னுச்சு. கேட்டா "உங்க பக்கம் கிணத்தோரம், ஈரம் ஜாஸ்தி"ங்கறாரு. கிணறு இருக்கறது அவரு பாகத்துல!

விஷயம் என்னன்னா, மல்லாட்டை வேர்ல இருக்கற முடிச்சு காத்துல இருக்கற தழைச்சத்தை (நைட்ரஜன்) புடிச்சு வைக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது உண்மைதான், ஆனா அந்த சத்துல பெரும்பங்கு காய்லயும் கொடிலயும் தான் போய் நிக்குது. காயை எப்படியும் வித்துடுவோம், கொடியையும் வேரோட புடுங்கி வித்துட்டா மண்ணுக்கு என்ன மிஞ்சும், உதுந்த இலையும் அறுந்த வேரும் தான். அதை வெச்சு அடுத்த கம்பு எப்படி எழுந்திருக்கும். மண்ணு மலடாகுதுன்னா இப்படித்தான் ஆகுது, ரெண்டு பயிர் வெச்சதால இல்ல. சொல்லப்போனா மல்லாட்டை மேல மல்லாட்டையா போட்டாதான் தண்டழுகல், வேரழுகல் எல்லாம் மண்ணுலயே தங்கிப்போகும், நடுவுல கம்போ கேழ்வரகோ வந்தா அது கொஞ்சம் அடங்கும்.

அடுத்தது நாள் கணக்கு. மல்லாட்டை 105, 110 நாள் பயிர். 40, 45 நாள்ல செடி அடியில மண்ணு அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடணும், விழுது (பூவுல இருந்து மண்ணுக்குள்ள இறங்கி காய் ஆகற காம்பு) இறங்கற எடத்துல சுண்ணாம்புச்சத்து இல்லன்னா காய் பொக்கா போயிடும். முத்தினதும் கூலிக்கு ஆள் கிடைக்கலன்னு தள்ளிப் போடாதீங்க, கொத்து ரகத்துக்கு (படராம நிமிந்து நிக்கறது) விதை உறக்கம் கிடையாது, அதாவது முளைக்காம கொஞ்ச நாள் காத்திருக்காது, ஒரு கோடை மழை விழுந்தா மண்ணுக்குள்ளயே முளைச்சிடும். அதுக்காக ஈரக்காயை அவசரப்பட்டு மூட்டை கட்டவும் கூடாது, பூஞ்சாணம் புடிச்சிடும்.

கம்பை மட்டும் அவசரப்பட்டு பங்குனி ஆரம்பத்துல விதைக்காதீங்க. 45, 50 நாள்ல கதிர் வரும், அது நேரா அக்னி நட்சத்திரத்துல மாட்டும், 42 டிகிரிக்கு மேல போனா மணி புடிக்காது, சொத்தையாதான் நிக்கும். சித்திரையில விதைச்சா வைகாசி கடைசியில பூ, ஆனி கடைசியில அறுப்பு. நாள் இழுக்குதுன்னா ஏக்கருக்கு மூணு சென்ட்ல நாத்து விட்டு வெச்சுக்கோங்க, மல்லாட்டையை புடுங்கிட்டு 15, 18 நாள் நாத்தை நட்டுடலாம், எங்க மாமியார் காலத்துல இருந்து இப்படித்தான். கிளி, குருவிக்கு ஆள் போடணும், ராத்திரி மல்லாட்டைக்கு பன்னிக் காவல், அதை தப்பிக்க வழி எனக்கும் தெரியல.

கம்புல என்ன காசுன்னு கேப்பீங்க. 2025-26க்கு ஆதார விலை மல்லாட்டைக்கு குவிண்டால் 7,263 ரூபா, கம்புக்கு 2,775. கம்பு வித்து யாரும் வீடு கட்டல. ஆனா செலவு கம்மி, தண்ணி கம்மி, தட்டை மாட்டுக்கு ஆச்சு, வீட்டுக்கு கூழும் ஆச்சு. 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு உலகம் பூரா கொண்டாடினப்போ ஹெல்த் மிக்ஸ் கம்பெனி எல்லாம் கம்பு படத்தை அச்சடிச்சாங்க, எங்க ஊரு பக்கம் மூட்டையை தூக்க ஒருத்தரும் வரல.

இதை எழுதும்போதே இன்னொன்னு ஞாபகம் வந்து எரிச்சலா இருக்கு. விதைக்கடைக்கு நான் போனா "அண்ணன் வரலையாம்மா?"ன்னுதான் முதல் கேள்வி. என்ன ரகம், எத்தனை நாள், முளைப்பு எவ்ளோன்னு கேக்கறது நானு, அந்தாளு பதில் சொல்றது பின்னாடி வண்டியில உக்காந்து செல்போன் பாத்துகிட்டு இருக்கற எங்க வீட்டுக்காரரைப் பாத்து. அவருக்கு எது எந்த ரகம்னே தெரியாது, மண்டையை ஆட்டுவாரு. பட்டா அவரு பேர்ல இருக்கறதால கூட்டம்னாலும் அவருக்குத்தான் போன் வருது, போய் டீ குடிச்சிட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு கேட்டா "வழக்கமா சொல்றதுதான்"ங்கறாரு. சரி விடுங்க, உங்க கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

சித்திரையில கம்புக்கு பதிலா நெல்லு வெச்சா லாபம்னு கீழ யாராவது எழுதுவீங்க. உங்க கிணத்துல சித்திரையில தண்ணி நிக்குதுன்னா தாராளமா வைங்க, எங்க கிணத்துல அப்போ மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினா காத்து வாங்கும்.